இன்சார்ஜ் சிஸ்டருக்கு எவ்வளவு அதிகாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். மொத்தம் 31 வருடம். இப்போது அவ்வப்போது, புதிதாக வார்டு இன்சார்ஜ், அதாவது ஒரு வார்டின் செவிலியர்களுக்குப் பொறுப்பாளர், ஆகிறவர்களுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். அழைப்பிதழில் 'தலைமைப் பண்பு' என்று போட்டிருப்பார்கள். வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை. டீ இடைவேளையில்தான் ஓரமாக இழுத்து வைத்துக் கேட்கிறார்கள்: யார் பேச்சு எடுபடும், டாக்டரிடம் எப்படி மறுப்பது, எம்.எல்.ஏ. லெட்டர் வாங்கலாமா. அந்தக் கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். சொந்தக் கதை வரும் இடங்களில் ஊர் பேரும் ஆஸ்பத்திரி பேரும் இருக்காது.

இன்சார்ஜ் ஆகி மூன்று மாதம். என் பேச்சை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதிகாரம் இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. நீங்கள் நினைத்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

டியூட்டி லிஸ்ட் நீங்கள் போடலாம். விடுப்புக்குப் பரிந்துரை செய்யலாம். அனுமதிப்பவர் மேலே இருக்கிறார். மருந்துக்கும் துணிக்கும் இண்டென்ட் போடலாம்; ஸ்டோரில் கொடுத்தால்தான் உண்டு. துப்புரவுப் பணியாளர் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அவர் பயப்படுவது அந்த நிறுவனத்து சூப்பர்வைசருக்கு, உங்களுக்கு இல்லை. ஆனால் ஸ்டாக்கில் ஒரு பி.பி. கருவி குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவரே. பொறுப்பு ஒரு மூட்டை, அதிகாரம் ஒரு பிடி. முதல் மூன்று மாதத்தில் எல்லாருக்கும் வருகிற மலைப்பு இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது.

நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். ஆணையில் எழுதியிருப்பது அதிகாரம். ஆணையில் எழுதாமலேயே காரியத்தை நடத்திக்காட்ட முடிந்தால் அது பலம். நம்மைவிடப் பெரிய இடத்தில் இருப்பவர் முடிவெடுக்கும் நேரத்தில் நம் சொல் அவருக்கு ஞாபகம் வந்தால் அது செல்வாக்கு.

என் முதல் வார்டில் ஒரு எஃப்.என்.ஏ. அம்மா இருந்தார். செவிலிய உதவியாளர், அந்த வார்டின் அடுக்கில் கடைசிப் படி. ஆனால் ஆக்சிஜன் சிலிண்டர் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, ரத்த வங்கியில் இன்றைக்கு யார் டியூட்டி, லிஃப்ட் நின்றுபோனால் யாருடைய வீட்டுக்கதவைத் தட்ட வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ராத்திரி 2 மணிக்கு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) என்னைத் தேட மாட்டார், "அந்த அம்மா எங்கே?" என்றுதான் கேட்பார். அவர் லீவு போட்டால் டீன் ஆபீஸ் வரை தெரியும். நான் லீவு போட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பொறாமையில்தான் நான் வார்டைக் கவனிக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

பி.எஸ்சி. நர்சிங்கில் ஐந்து வகை அதிகாரம் என்று படித்தோமே, அது வார்டில் உதவுமா?

1959ல் ஃப்ரெஞ்சு, ரேவன் என்ற இருவர் வகுத்தது அது: பதவியால் வருவது, பரிசு தர முடிவதால் வருவது, தண்டிக்க முடிவதால் வருவது, திறமையால் வருவது, நம்மேல் உள்ள மதிப்பால் வருவது. பின்னாளில் ரேவன் 'தகவல் கையில் இருப்பதால் வருவது' என்று ஆறாவதைச் சேர்த்தார். பரீட்சைக்கு ஐந்து போதும். வார்டுக்கு அந்த ஆறாவதுதான் முக்கியம். ஏன் என்று கீழே ஆள் பற்றாக்குறைக் கேள்வியில் வரும். பரிசு கொடுக்கிற அதிகாரம் அரசு இன்சார்ஜுக்குக் கிடையவே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஃப் கொடுக்கலாம், அதிகபட்சம் அதுதான்.

டாக்டர் எழுதியது தப்பு என்று தெரிகிறது. எப்படி மறுப்பது?

"மறுக்கிறேன்" என்ற சொல்லை வாயில் எடுக்காமல் மறுக்கலாம்.

ஒரு ராத்திரி. பொட்டாசியம் குறைந்த நோயாளி. புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டில் 'கேசிஎல் 1 ஆம்பூல் ஐ.வி.', அதாவது பொட்டாசியம் ஊசி மருந்து ஒன்று நரம்பில், என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எதில் கலக்க வேண்டும், எத்தனை மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒன்றும் இல்லை. பொட்டாசியத்தை அப்படியே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இது எந்த நர்ஸுக்கும் தெரியும். என்னோடு டியூட்டியில் இருந்த சின்னப் பெண் ஆம்பூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடமிருந்து அதை வாங்கி ட்ரேயில் வைத்துவிட்டு, கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். "சார், எந்த பாட்டில்ல கலக்கணும், எத்தனை மணி நேரம் ஓடணும்னு போட்டுக் குடுத்துடுங்க, நான் ஏத்திடறேன்." அவர் பேனாவை வாங்கினார், எழுதப்போனார், கை நின்றது. முகம் வெளுத்தது. பிறகு சரியாக எழுதினார். பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

அந்த டாக்டர் அதற்குப் பிறகு ஒரு வருடம், சந்தேகம் வந்தால் முதலில் எங்கள் டேபிளுக்கு வருவார். எல்லார் முன்னாலும் "இது தப்பு சார்" என்று நான் சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கு நோயாளி பிழைத்திருப்பார், அதில் மாற்றமில்லை. அடுத்த தப்பை எழுதும்போது எங்களிடம் கேட்டிருக்க மாட்டார்.

இதெல்லாம் அவகாசம் இருக்கும்போது. எழுதிக் கேட்டும் பிடிவாதம் பிடித்தால் மருந்தைப் போடாதீர்கள். டியூட்டியில் இருக்கும் மூத்த டாக்டரை, நாம் அசிஸ்டெண்ட் என்போமே, அவரைக் கூப்பிடுங்கள், கூப்பிட்ட நேரத்தை ரிப்போர்ட் புக்கில் எழுதுங்கள். உயிர் விஷயத்தில் நாசூக்குக்கு ஓர் எல்லை உண்டு.

ஆணையே கையில் இருந்தும் ஒத்துக்கொள்ளாதவர்களை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. விளக்கேந்திய கதையை விடுங்கள், அதை மே 12 செவிலியர் தின விழாவில் மெழுகுவர்த்தியோடு பார்த்துக்கொள்ளலாம்.

1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரியில் போய் இறங்கினார். கையில் பிரிட்டிஷ் அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் கொடுத்த நியமனம். இதைவிடப் பெரிய ஆணை எந்த நர்ஸுக்குக் கிடைக்கும்? ஆனால் ராணுவ டாக்டர்கள் வார்டுக்குள் விடவில்லை. அவர் சண்டை போடவில்லை. டாக்டர் கூப்பிடாமல் யாரும் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தன் பெண்களுக்கே கட்டளை போட்டார். அவர்கள் உட்கார்ந்து துணி தைத்தார்கள். கூட வந்தவர்களிலேயே சிலருக்குக் கோபம். சில நாளில் இன்கர்மன் சண்டையில் அடிபட்டவர்கள் வந்து குவிய, டாக்டர்களே ஆள் அனுப்பினார்கள்.

இன்னொன்றும் இருந்தது. லண்டன் டைம்ஸ் பத்திரிகை திரட்டிய நிதி அவர் பயன்படுத்தும்படி இருந்தது. ராணுவ ஸ்டோரில் இல்லாத சட்டையும் தரை தேய்க்கிற பிரஷும் அந்தம்மாவிடம் கேட்டால் வரும். 'ஸ்டோரில் இல்லை' என்ற பதிலைக் கேட்டே பழகிய நமக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

ஆனாலும் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அவருடைய நியமனத்தில் 'துருக்கியில் உள்ள' ஆங்கிலேய ராணுவ ஆஸ்பத்திரிகளின் பெண் செவிலியர் கண்காணிப்பாளர் என்று இருந்தது. போர் நடக்கிற கிரைமியா துருக்கி இல்லையே! அங்கே இவருக்கு அதிகாரம் இல்லை என்று தலைமை மருத்துவ அதிகாரி ஜான் ஹால் பிடித்துக்கொண்டார். ஒரு சொல்லுக்காக ஒரு வருடத்துக்கு மேல் இழுபறி. 1856 மார்ச்சில்தான் எல்லா ராணுவ ஆஸ்பத்திரிகளின் செவிலியருக்கும் அவரே தலைமை என்று பொது ஆணை வந்தது. அதே மாதம் போரும் முடிந்தது.

இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பில் சிரிக்கிறார்கள். நாமும் இப்படி ஒரு சொல்லில் மாட்டியவர்கள்தானே. உங்கள் ஆணையில் 'பொறுப்பு' என்று இருக்கிறதா, 'கூடுதல் பொறுப்பு' என்று இருக்கிறதா, எந்த வார்டு என்று இருக்கிறதா, இன்று வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள்.

ஆள் பற்றாக்குறைக்கு எத்தனை முறை எழுதினாலும் பதில் இல்லையே?

என்ன எழுதினீர்கள் என்று கேட்பேன். "வார்டில் பணிச்சுமை அதிகமாக உள்ளதால் கூடுதல் செவிலியரை நியமிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். அதையேதான் நானும் நான்கு வருடம் எழுதினேன். அந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் ஃபைலில் போட்டு மூடலாம். அதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை, செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு நாள் என் மகளின் கோடு போட்ட பழைய நோட்டு ஒன்றை வார்டுக்குக் கொண்டுபோனேன். ஐந்து பத்தி: தேதி, ஷிஃப்ட், கட்டிலில் எத்தனை பேர், தரையில் எத்தனை பேர், டியூட்டியில் எத்தனை நர்ஸ். பத்து நாள் கழித்து ஆறாவது பத்தி: 'செய்யாமல் விட்டது'. அந்த ஆறாவது பத்திதான் வம்பு. ராத்திரி 10 மணி ஊசி 11.40க்குப் போட்டோம். படுக்கைப்புண் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பவில்லை. சர்க்கரை பார்க்க வேண்டிய ஏழு பேரில் நாலு பேருக்குத்தான் பார்த்தோம். "அக்கா, இதை நம்ம கையாலயே எழுதிக் குடுத்தா நாளைக்கு நம்மளையே மாட்டி விடுவாங்க" என்று பெண்கள் பயந்தார்கள். நியாயமான பயம். பெயர் எழுத வேண்டாம், ஷிஃப்ட் மட்டும் போதும், கையெழுத்து நான் போடுகிறேன் என்று சொன்ன பிறகே எழுதினார்கள்.

கணக்கு எளிது. போதனை மருத்துவமனையில் மூன்று கட்டிலுக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து கட்டிலுக்கு ஒருவர், அதன்மேல் விடுப்புக்காக 30 சதவீதம் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். எங்களுடையது 40 கட்டில் உள்ள போதனை வார்டு. அப்படியானால் 13 பேர், விடுப்புக்கு 4 பேர், ஆக மொத்தம் 17. எங்களிடம் இருந்தது 7 பேர். நோயாளிகள் 40ஐத் தாண்டாத நாள் அந்த நோட்டில் ஒன்றுகூட இல்லை.

ஆறு வாரம் ஆனதும் ஒரே ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதி, நோட்டின் நகலையும் சேர்த்து, கண்காணிப்பாளர் வழியாக ஆர்.எம்.ஓ.வுக்கும் (நிலைய மருத்துவ அதிகாரி) டீனுக்கும் அனுப்பினேன். நகலைத் துறைத்தலைவரிடம் நேரில் கொடுத்தேன். அதுதான் கெட்டிக்காரத்தனம், மற்றதெல்லாம் உழைப்பு. அவருடைய ஆபரேஷன் நோயாளிகளுக்குத் தையல் சீழ் பிடிப்பது ஏன் என்று அவரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆறாவது பத்தியில் டிரெஸ்ஸிங் தள்ளிப்போன தேதிகள் இருந்தன. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த நோட்டை மேஜையில் போட்டுப் பேசியவர் அவர். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை, எனக்கு அழைப்பும் இல்லை.

17 பேர் வரவில்லை. மூன்று பேர் வந்தார்கள். 7 பத்தானது. நாலு வருடத் தாழ்மைக்குக் கிடைக்காதது அது.

நைட்டிங்கேலும் இதைத்தான் பெரிய அளவில் செய்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபின் அவருக்கு எந்தப் பதவியும் இல்லை. ராணுவ சுகாதாரத்தை விசாரித்த 1857 ராயல் கமிஷனில் பெண் என்பதால் உறுப்பினராக முடியாது. ஹெர்பர்ட்டைத் தலைவராக வைத்து, பின்னால் இருந்து கணக்குகளையும் கேள்விகளையும் தயாரித்துக் கொடுத்தார். காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்கள் பல மடங்கு என்பதை வட்ட வடிவப் படமாக வரைந்து காட்டினார். பிறகு இந்திய ராணுவ முகாம்களின் சுகாதாரத்துக்கு 1859ல் வைத்த கமிஷனுக்கும் அவருடைய உழைப்புதான். இங்கிருந்த முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியே விவரம் திரட்டினார். இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

டிரான்ஸ்ஃபருக்கு எம்.எல்.ஏ.விடம் சிபாரிசுக் கடிதம் வாங்கலாமா?

வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்: வேண்டாம்.

முதலில் விதி. அரசு ஊழியர் தன் பணி சம்பந்தமான விஷயத்துக்கு அரசியல் செல்வாக்கையோ வெளியார் செல்வாக்கையோ கொண்டு வருவதை நடத்தை விதிகள் தடை செய்கின்றன. எல்லாரும் செய்கிறார்கள் என்பது வேறு. உங்களைப் பிடிக்காதவர் ஒருவர் ஃபைலைத் திறக்கிற அன்று அந்தக் கடிதம் அதில் இருக்கும்.

அடுத்து என் கதை. மகள் பத்தாம் வகுப்பு, மாமியாருக்குப் பக்கவாதம், நான் 90 கிலோமீட்டர் தள்ளி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலிங்கில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரரின் சிநேகிதர் மூலம் ஒரு கட்சிப் பிரமுகரைப் பார்த்தோம். கடிதம் கிடைத்தது, இரண்டு மாதத்தில் இடமும் கிடைத்தது. அழுதுகொண்டே நன்றி சொன்னேன்.

அடுத்த ஐந்து வருடம் அவருடைய ஆட்களுக்கு என் செல் நம்பர்தான் ஆஸ்பத்திரி. "சிஸ்டர், நம்ம பையன் வர்றான், ஒரு பெட் பாத்துக் குடுங்க." முதலில் பெட். பிறகு, ஸ்கேன் வரிசையில் முன்னால் விடச்சொல்லி. ஒரு நாள், குடித்துவிட்டு அடிதடியில் வந்தவனுக்குக் கேஸ் ஷீட்டில் 'வாடை' என்று எழுதியதை எடுக்கச் சொல்லி. அது டாக்டர் எழுதியது, நான் தொட முடியாது என்றேன். "அப்ப நாங்க எழுதிக் குடுத்தது மட்டும் தொட முடிஞ்சுதா?" என்றார் ஃபோனில் பேசியவர். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. பழைய ஆட்சியின் ஆள் என்று புது ஆட்கள் என்மேல் முத்திரை குத்தினார்கள். நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டவள் இல்லை. போஸ்டர் ஒட்டியவன் கொடியை மாற்றிக்கொள்ளலாம், என் ஃபைலில் இருந்த கடிதத்தை யாரால் மாற்ற முடியும்?

நைட்டிங்கேலை நியமித்த ஹெர்பர்ட் அங்கம் வகித்த அரசாங்கமே 1855 தொடக்கத்தில், போர் நடக்கும்போதே கவிழ்ந்தது. அவரிடம் ஹெர்பர்ட்டைத் தவிர கணக்கும் பெயரும் பத்திரிகையும் இருந்ததால் சமாளித்தார். என்னிடம் கடிதம் மட்டும்தான் இருந்தது.

மருத்துவக் காரணம் இருந்தால் சான்றுகளோடு நேரடியாக மனு கொடுங்கள். மனுவின் நகலும், கொடுத்ததற்கான முத்திரையும் உங்களிடம் இருக்கட்டும். தாமதமாகும், தெரியும்.

வட்டச் செயலாளர் பத்துப் பேரோடு வார்டுக்குள் வந்து சத்தம் போட்டால்?

உட்காரச் சொல்லுங்கள். பாதிக் கோபம் நாற்காலியில் இறங்கிவிடும். தண்ணீர் கொடுங்கள். "நோயாளி பேர் சொல்லுங்க, என்ன நிலைமைனு டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்றேன்" என்று அவரை ஒரே ஒரு நோயாளியின் விஷயத்துக்குக் கொண்டுவாருங்கள். 'யார் நீங்கள், பார்வையாளர் நேரம் இது இல்லை' என்று தொடங்கினால் அன்றைக்கு வார்டு போர்க்களம்தான். கை நீண்டால் கதை வேறு: மருத்துவப் பணியாளர்மீதான வன்முறைக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2008லிருந்து இருக்கிறது, அதில் செவிலியரும் அடக்கம். ஆர்.எம்.ஓ. மூலமாக அன்றே புகார் எழுதுங்கள். மறுநாள் சமாதானம் பேச வருவார்கள், அதற்குள் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் இன்சார்ஜ் அக்காவே எங்களை வதைக்கிறார். இதை யாரிடம் சொல்வது?

இந்தக் கேள்வி டீ இடைவேளையில்கூட வருவதில்லை. பஸ் ஸ்டாப்பில்தான் வரும்.

நமக்கு மேலே அதிகாரம் கிடையாது, கீழே மட்டும் உண்டு. அதனால் மேலே வாங்கிய அடியெல்லாம் டியூட்டி லிஸ்ட்டில் இறங்கும். எதிர்த்துப் பேசினால் தொடர்ந்து நைட். தீபாவளிக்கு ஊருக்குப் போகக் கேட்டவளுக்கு மட்டும் அந்த வாரம் டே டியூட்டி. பிள்ளை பெற்று வந்தவளைத் தூரத்து வார்டுக்கு டெபுடேஷன். எல்லாமே விதிப்படி இருக்கும், ஒரு வரியைக்கூடத் தப்பு என்று காட்ட முடியாது. நானும் செய்திருக்கிறேன். டீனிடம் என்னைப் பற்றிச் சொன்னாள் என்று நினைத்து ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் பொங்கல், புதுவருடம், ஞாயிறு எதிலும் ஆஃப் விழாமல் பார்த்துக்கொண்டேன். சொன்னது அவள் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அவள் இன்றும் என்னைப் பார்த்தால் "வணக்கம் சிஸ்டர்" என்பாள். அக்கா என்று கூப்பிடமாட்டாள்.

கடந்த ஆறு மாத டியூட்டி லிஸ்ட்டை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். யாருக்கு எத்தனை நைட், எத்தனை பண்டிகை ஆஃப் என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முதலில் அவரிடமே காட்டுங்கள். பலரும் தாங்கள் செய்வது எண்ணிக்கையாகத் தெரியும்போதுதான் வெட்கப்படுகிறார்கள். அசையாவிட்டால் கண்காணிப்பாளரிடம் அதே தாளை எடுத்துப் போங்கள். நீங்கள் இன்சார்ஜாக இருந்தால், இந்த எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். டியூட்டி கேட்டு வருகிற கூட்டம் அன்றோடு குறையும்.

சங்கத்தில் தீவிரமாக இருந்தால் பதவி உயர்வு கெடுமா?

சில இடங்களில் கெடும், பொய் சொல்வானேன். ஆனால் செவிலியருக்குக் கிடைத்த பெரிய விஷயங்களில் தனி ஒருவர் நல்ல பெயரெடுத்து வாங்கியது எது என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2015ல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வெழுதி வந்த பிள்ளைகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு எழுந்துபோகச் சொன்னது. அன்றைக்குத் தோல்விபோலத்தான் தெரிந்தது. ஊதியம் பின்னர் 14,000 ஆனது, அப்புறம் 18,000. நிரந்தரம் தவணை தவணையாகத்தான் வந்தது.

தனியார் பக்கம், உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 கட்டிலுக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் செவிலியருக்கு 20,000க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. காகிதத்தில் இருந்த அந்தத் தொகையைக் கேரளத்து செவிலியர்கள் 2017ல் வேலைநிறுத்தம் செய்து முதல்வரோடு பேசி வாங்கினார்கள். பரிந்துரை எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். தெருவில் இறங்கிய மாநிலத்தில் முதலில் நடந்தது.

கலிஃபோர்னியா இன்னும் ருசியான கதை. ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999ல் சட்டம், 2004ல் அமல். ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர் அடுத்த கட்டக் குறைப்பைத் தள்ளிப்போட்டார். நர்ஸ்கள் அவர் போகிற கூட்டத்துக்கெல்லாம் போய் வாசலில் நின்றார்கள். வழக்கிலும் அவர் தோற்றார், 2005 நவம்பரில் அவர் கொண்டுவந்த வாக்கெடுப்புகளும் தோற்றன. சினிமாவில் அத்தனை பேரை அடித்தவர்!

இன்சார்ஜாக இருந்துகொண்டு சங்கத்தில் இருக்கலாம். ஒன்று மட்டும்: போராட்ட நாளில் வார்டில் யார் இருப்பார்கள் என்ற பட்டியலை நீங்களே முன்கூட்டி எழுதிவிடுங்கள். வெண்டிலேட்டர் நோயாளியை விட்டுவிட்டு வந்தார்கள் என்ற ஒரு செய்தி போதும், பத்து வருட நியாயம் போய்விடும்.

மேலே போய்ப் பார்த்தால் எப்போதும் டாக்டர்தானே இயக்குநர்? நமக்கு அந்த நாற்காலி எப்போது?

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. மெட்ராஸ் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் 1926. இத்தனை வயதான தொழிலுக்கு இன்னும் மேல்மாடியில் அறை கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்காமலும் இல்லை. 1987ல் மத்திய அரசு செவிலியருக்கென்று ஓர் உயர்நிலைக் குழு அமைத்தது. பிறகு அதன் தலைமைக்கு வந்தவர் நம் சரோஜினி வரதப்பன், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள். 1989ல் அறிக்கை. ஆள் எண்ணிக்கை, தங்குமிடம், மேல்பதவி எல்லாவற்றுக்கும் அதில் பரிந்துரை உண்டு. நாங்கள் அதை நகலெடுத்துக் கையால் அடிக்கோடிட்டுப் படித்த தலைமுறை.

2023ல் பழைய 1947 இந்திய செவிலியர் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்தது. தலைவர் செவிலியத்தில் முதுநிலை படித்து 20 வருட அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் பழைய கவுன்சிலுக்குத் தேர்தல் மூலமும் ஆட்கள் வந்தார்கள். புதியது நியமனத்தை நம்பியது. நம்மில் ஒருவர் தலைவராவதும், நாம் ஒருவரைத் தலைவராக்குவதும் ஒன்றா? எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2017ல்தான் தலைமைச் செவிலியர் அதிகாரியாக குக் தீவுகளின் எலிசபெத் ஈரோவைப் பெரிய அளவில் முன்னிறுத்தியது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

அரசியலுக்கே போய்விட்டால் என்ன?

போங்கள். அரசு வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் நிற்க முடியும், அதை மட்டும் ஞாபகம் வையுங்கள். மும்பை மேயராக இருந்த கிஷோரி பெட்னேகர் முன்னாள் நர்ஸ். 2020 ஏப்ரலில் கொரோனா உச்சத்தில் மறுபடி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நாயர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 1992ல் தேர்ந்தெடுக்கப்பட்ட எடி பெர்னிஸ் ஜான்சன்தான் அங்கே போன முதல் பதிவு பெற்ற நர்ஸ். நம் ஊரில் ஒரு வார்டை நடத்தியவர் நகராட்சி வார்டை நடத்தத் திணறமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு 17-ஏ மெமோ (ஒழுங்கு விதியின்படி சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பு) வந்திருக்கிறது. என்ன செய்ய?

வாங்கிய தேதியையும் நேரத்தையும் போட்டுக் கையெழுத்திடுங்கள். வாங்க மறுக்காதீர்கள். குற்றச்சாட்டில் சொல்லியிருக்கும் நாளின் டியூட்டி லிஸ்ட், ரிப்போர்ட் புக், சென்சஸ் (நோயாளி எண்ணிக்கை) பக்கங்களின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கிடைக்கும்வரை பதிலளிக்க அவகாசமும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதிலில் யாரையும் திட்ட வேண்டாம், யாருடைய காலிலும் விழவும் வேண்டாம். என்ன நடந்தது, எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் டியூட்டி, யாருக்கு எத்தனை மணிக்குத் தெரிவித்தேன்: நாலு பத்தியில் முடித்துவிடுங்கள். பெரிய தண்டனைக்கான 17-பி என்றால் சங்கத்தில் அனுபவமுள்ள ஒருவரையோ வக்கீலையோ பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, நைட் முடிந்து வந்த கையோடு பதில் எழுத உட்காராதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து சாயந்திரம் எழுதுங்கள். என் முதல் மெமோவுக்கு நான் காலை 8 மணிக்கு எழுதிய பதிலில், நடந்த தேதியையே தப்பாகப் போட்டிருந்தேன்.